கூப்பிடு தூரம்: மட்டக்களப்பு வாவிக்கரையில் லோராவும் அமெச்சூர் வானொலியும்

முழுநிலா இரவில் கல்லடிப் பாலத்துக்குக் கீழே தோணியை அசையாமல் நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதோடு ஒட்டி வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். பாடுவது மீனா, ஊரி என்ற நத்தை வகையா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. எனக்கு அந்தக் கதையில் பிடித்தது மீன் அல்ல, துடுப்பு. பாலத்தில் போகும் வாகனம், கரையில் மோதும் அலை, காற்று எல்லாவற்றுக்கும் அடியில் புதைந்து கிடக்கும் மெல்லிய ஒலியை ஒரு மரத்துண்டு பிரித்தெடுத்துக் காதுக்குத் தருகிறது.

லோரா என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பம் செய்வதும் ஏறத்தாழ இதே வேலைதான். இரைச்சலைவிட நூறு மடங்கு நலிந்த சைகையை அது பிரித்தெடுக்கும். செலவழிக்கும் வலுவோ மிகச் சிறிது. சாதாரண லோரா சில்லு ஒன்றின் உச்ச வலு 100 மில்லிவாட். கையில் பிடிக்கும் வோக்கிடோக்கி 5 வாட் வரை அனுப்பும். ஐம்பதில் ஒரு பங்கு வலுவில் அதைவிட நெடுந்தூரம் போக முடியும் என்றால் கேட்பவருக்குச் சந்தேகம் வருவது நியாயம். இதில் ஏமாற்று இல்லை, விலை உண்டு. அந்த விலையை எதில் கொடுக்கிறோம் என்பது புரிந்தால்தான் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இதை எதற்குப் பாவிக்கலாம், எதற்குப் பாவிக்க முடியாது என்பது விளங்கும்.

தொடக்கம் பிரான்சில். கிரெனோபிள் நகரத்துச் சிறு நிறுவனமான சைக்கிளியோ இந்த முறையை உருவாக்கியது. தண்ணீர், எரிவாயு மீற்றர்களை வீட்டுக்கு வீடு போய் வாசிக்காமல் தூரத்திலிருந்தே வாசிப்பது அவர்கள் நோக்கம். 2012இல் செம்டெக் என்ற அமெரிக்க நிறுவனம் அதை வாங்கிச் சில்லாக்கிச் சந்தைக்கு விட்டது. மீற்றர் வாசிக்கப் பிறந்த சில்லு ஹாம்களின் கையில் சிக்கியதும் கதை வேறு பக்கம் திரும்பியது. ஹாம் என்பது அமெச்சூர் வானொலிக்காரரின் உலகப் பெயர். சோதனை எழுதி, அழைப்புக்குறி பெற்று, காசு வாங்காமல், ஆராய்ச்சிக்காகவும் ஆசைக்காகவும் அவசரத்துக்காகவும் வானொலி இயக்குபவர்.

திருவிழாக் கூட்டத்தில் தூரத்தில் நிற்கும் கூட்டாளியைக் கூப்பிட வேண்டும். பெயரைச் சொல்லிக் கத்தினால் பறைச் சத்தத்தில் கரைந்துபோகும். கீழ்த்தொனியிலிருந்து மேல்தொனிக்கு ஏறிப்போகும் நீண்ட சீழ்க்கை ஒன்றை விட்டுப்பாருங்கள், அவர் திரும்பிப் பார்ப்பார். சீழ்க்கை சத்தத்தில் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. அது ஏறும் விதம் காதுக்குத் தெரியும். ஏறும் வழியில் ஓரிரு இடத்தில் பறை மூடிவிட்டாலும் மிச்சத்தை வைத்து மூளை முழுமையாக்கிக்கொள்ளும். லோராவின் ஒவ்வொரு குறியும் இப்படி ஏறும் ஒரு சீழ்க்கை. வழக்கமாக 125 கிலோஹேர்ட்ஸ் அகலத்தை அது அடியிலிருந்து நுனிவரை வழுக்கிக் கடக்கும். எந்த இடத்தில் தொடங்கி ஏறுகிறது என்பதுதான் அந்தக் குறியின் பொருள். நுனியைத் தொட்டதும் அடிக்குத் திரும்பி மிச்ச ஏற்றத்தை முடிக்கும்.

சீழ்க்கையை எவ்வளவு நேரம் இழுப்பது? அதைத் தீர்மானிப்பது பரவல் காரணி என்ற எண். நடைமுறையில் 7 முதல் 12 வரை வைப்பார்கள். 7இல் ஒரு குறிக்கு சுமார் 1 மில்லிவிநாடி. 12இல் கிட்டத்தட்ட 33 மில்லிவிநாடி. ஒவ்வொரு படி ஏறும்போதும் நேரம் இரட்டிக்கும், இரண்டரை டெசிபல் அளவு, அதாவது ஏறத்தாழ 1.8 மடங்கு, காது கூர்மையாகும். 7இல் விநாடிக்கு ஏறத்தாழ 5,470 பிற் போகும் தரவு, 12இல் 293 பிற்றுக்குச் சுருங்கிவிடும். ஒரு குரல் அழைப்புக்குக்கூட இது காணாது. படம் பற்றிப் பேசவே வேண்டாம். தூரத்துக்குக் கொடுக்கும் விலை இதுதான், நேரம். மெல்லப் பேசினால் தொலைவில் கேட்கும்.

ஹாம்களிடம் பழகியவர்கள் இந்த இடத்தில் குறுக்கே கேட்பார்கள்: எஃப்டி8 இதைவிடக் கூர்மையாயிற்றே? உண்மைதான். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜோ டெய்லரும் ஸ்டீவ் பிராங்கும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட எஃப்டி8 முறை, அகலம் குறைந்த கீற்றில் இன்னும் மெதுவாகப் பேசி, லோராவை விட நலிந்த சைகையையும் எடுக்கும். ஆனால் அதற்குக் கணினி வேண்டும், கடிகாரம் துல்லியமாக ஒத்துப்போக வேண்டும், மீடிறன் (அதிர்வெண்) அசையக்கூடாது. லோரா வெயிலில் காய்ந்து மீடிறன் கொஞ்சம் நகர்ந்த மலிவு மின்சுற்றுப் பலகையிலும் ஓடும். உலகிலேயே கூர்மையான காது என்று அதை விற்பவர்கள் மிகைப்படுத்துகிறார்கள். மலிவான பெட்டிக்கு இவ்வளவு கூர்மை கிடைத்தது என்பதே அதன் சிறப்பு.

உயரம்தான் வலு

2017இல் ஒரு பலூன், 38 கிலோமீட்டருக்கு மேலான உயரத்திலிருந்து, வெறும் 25 மில்லிவாட்டில் அனுப்பிய லோரா தரவுப் பொதியை 702 கிலோமீட்டருக்கு அப்பால் பிடித்தார்கள். இந்தச் செய்தியைக் கண்டுவிட்டு இரண்டு பலகை வாங்கி, ஒன்றை வீட்டு மேசையில் வைத்துவிட்டு மற்றதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் கிளம்புபவர், தென்னந்தோப்பும் மதிலும் நிறைந்த காத்தான்குடி, களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் ஒன்றிரண்டு கிலோமீட்டரிலேயே தொடர்பை இழந்து, ஏமாந்துவிட்டோம் என்று நினைப்பார். பலகையில் பிழை இல்லை. பலூனுக்கு முன்னால் மறைப்பு ஒன்றும் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

கணக்கைப் பார்ப்போம். 433 மெகாஹேர்ட்ஸ் மீடிறனில், மறைப்பே இல்லாத 20 கிலோமீட்டரில் சைகை இழப்பது சுமார் 111 டெசிபல். 100 மில்லிவாட்டில் தொடங்கினால், இவ்வளவு இழந்த பிறகும் பரவல் காரணி 12இல் கேட்கும் எல்லைக்கு மேலே 45 டெசிபல் கையில் மிச்சம் இருக்கும். ஆக, தூரத்தைத் தின்பது வலுக்குறைவு அல்ல. பூமியின் வளைவும் மரமும் மதிலும்தான் தின்கின்றன. ஒன்றரை மீட்டர் உயரத்தில் கையில் பிடித்த இரண்டு அன்ரனாக்களுக்கு வானொலி அடிவானம் சுமார் 10 கிலோமீட்டரில் முடிந்துவிடும். அதுவும் வெட்டவெளியில். அலை நூல் பிடித்தாற்போலவும் போவதில்லை. நடுவில் தொப்பைபோல உப்பும். 10 கிலோமீட்டர் பாதையின் நடுவில் இந்த மீடிறனுக்கு அந்த உப்பலின் ஆரை 40 மீட்டருக்கு மேல். தரையோடு தரையாக நிற்கும் அன்ரனாவுக்கு அதில் பாதி மண்ணுக்குள் போய்விடும்.

இதே கணக்கைப் பாலமீன்மடு வெளிச்சவீட்டில் வைத்துப் பாருங்கள். 1913இல் கட்டப்பட்ட அந்தக் கோபுரம் 28 மீட்டர் உயரம். அதன் உச்சியில் ஒரு அன்ரனா இருந்தால், இரண்டு மீட்டர் உயரத்தில் அன்ரனா கட்டிய தோணி கடலில் 27 கிலோமீட்டர் தாண்டும்வரை அடிவானத்துக்குள்ளேயே இருக்கும். வெளிச்சவீட்டுக்குச் சொன்னது தண்ணீர்த் தாங்கிக்கும் மூன்று மாடிப் பாடசாலைக்கும் தாந்தாமலைக்கும் பொருந்தும். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, தட்டையான மணல். மேற்கே படுவான்கரை, வயலும் குளமும், இடையிடையே ஒற்றைப் பாறைக்குன்றுகள். நடுவே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் வாவி. தண்ணீர்ப்பரப்பில் மரம் இல்லை. குருமன்வெளியிலிருந்து மண்டூருக்கும், குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும் 'பாதை' என்ற மிதவைப் படகில் ஏறிக் கடப்பவர்கள் பார்க்கும் அந்தத் திறந்த வெளி, வானொலிக்காரனுக்கு நெடுஞ்சாலை.

அன்ரனாவுக்குப் பெரிய செலவு இல்லை. 433 மெகாஹேர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் 17.3 சென்றிமீட்டர். சைக்கிள் கம்பி ஒன்றை அந்த அளவுக்கு வெட்டி நிமிர்த்தி, அடியில் நாலு கம்பியைச் சரித்துக் கட்டி, எஸ்லோன் பைப்புக்குள் வைத்து மூடினால் கடையில் வாங்கும் குச்சியை விட நன்றாகவே வேலை செய்யும். பலர் பிழைவிடும் இடம் வேறு. பலகையை வீட்டுக்குள் வைத்துவிட்டு 20 மீட்டர் மெல்லிய கோஆக்ஸ் வயரை உச்சிக்கு இழுப்பார்கள். அந்த வயரே வலுவில் ஐந்தில் நான்கு பங்கை விழுங்கிவிடும். பலகையையே உச்சிக்கு ஏற்றி, பக்கத்தில் ஒரு சின்னச் சூரியத் தகடும் லிதியம் பற்றரியும் வைப்பதுதான் சரி. உப்புக்காற்றுக்கு இணைப்பிகள் எல்லாம் ஒரே மாரியில் பச்சை பிடிக்கும், ரேப் சுற்றி மெழுகு பூசியே ஆக வேண்டும். அன்ரனா பூட்டாமல் அனுப்பினால் சில்லு வெந்துபோகலாம் என்பதை ஒவ்வொருவரும் ஒரு சில்லைப் பலிகொடுத்த பிறகே நம்புகிறார்கள்.

யாருடைய அலை?

இங்கேதான் அதிகம் குழப்பம். இணையத்தில் பலகை விற்பவர்கள் 433 மெகாஹேர்ட்ஸ் உரிமம் தேவையில்லாத பட்டை என்று எழுதிவிடுகிறார்கள். அது எழுதப்பட்டது ஐரோப்பாவையும் ஆபிரிக்காவையும் மனதில் வைத்து. சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் உலகை மூன்று வலயமாகப் பிரித்திருக்கிறது, 433.05 முதல் 434.79 வரையான துண்டு தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கு ஒதுக்கப்பட்டது முதலாம் வலயத்தில். இலங்கை மூன்றாம் வலயம். இங்கே 430 முதல் 440 மெகாஹேர்ட்ஸ் வரை அமெச்சூர் சேவைக்கு இரண்டாம் நிலை உரிமையோடு வருகிறது, அதாவது ராடார் போன்ற முதன்மைப் பாவனையாளருக்கு வழிவிட்டு நடக்க வேண்டும். உள்நாட்டில் எந்தத் துண்டு எந்த வகுப்பு உரிமத்துக்கு, எவ்வளவு வலு என்பதைத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அட்டவணையும் கையில் உள்ள உரிமப் பத்திரமுமே சொல்லும். அலை உமிழும் கருவியை இயக்க அனுமதி வேண்டும் என்பது 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் அடிப்படை. பலகை கைக்குள் அடங்கும் என்பதால் சட்டம் சின்னதாகிவிடாது.

இதை நான் பயமுறுத்தச் சொல்லவில்லை. வயரும் பற்றரியும் மின்மினியும் உள்ள ஒரு பெட்டியைப் பையில் வைத்துக்கொண்டு சோதனைச்சாவடி கடப்பது 2009க்கு முன் எப்படியான விஷயம் என்பதை இந்த மண்ணில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வானொலிப் பெட்டியை அவிழ்த்துப் பார்க்கும் ஆசை ஒரு தலைமுறைக்கே இங்கே மறுக்கப்பட்டது. கிழக்கில் 4எஸ்7 என்று தொடங்கும் இலங்கை அழைப்புக்குறியோடு பேசும் தமிழ்க்குரல் அரிதாக இருப்பதற்கு இதுவும் காரணம் என்பது என் கணிப்பு. அதனால்தான் காகிதத்தைச் சரியாக வைத்துக்கொண்டு தொடங்குங்கள் என்கிறேன்.

உரிமம் வாங்கினால் என்ன கிடைக்கும்? கூடுதல் வலு, பெரிய அன்ரனா, சோதித்துப் பார்க்கும் சுதந்திரம். இழப்பது மூன்று. காசுக்கான தகவல் கூடாது, மீன் விலையை வாழைச்சேனையிலிருந்து கல்முனைக்கு அனுப்பி யாபாரம் செய்ய முடியாது. அடிக்கடி அழைப்புக்குறியைச் சொல்லி ஆள் யாரென்று காட்ட வேண்டும். மூன்றாவது, பூட்டுப் போடக்கூடாது. ஒன்றியத்தின் வானொலி ஒழுங்குவிதிகளின் 25ஆவது பிரிவு, வெவ்வேறு நாட்டு அமெச்சூர் நிலையங்களுக்கு இடையிலான செய்தியைப் பொருள் மறைக்கும் நோக்கில் குறியாக்கக் கூடாது என்கிறது. செய்மதியைக் கட்டுப்படுத்தும் கட்டளைக்கு மட்டும் விலக்கு. உள்நாட்டுப் பேச்சுக்கும் பல நாடுகள் அதையே விதியாக்கியிருக்கின்றன.

மூன்றாவது விதியில்தான் லோராவின் பிரபலமான இரண்டு பாவனைகளும் இடறி விழுகின்றன. லோராவான் என்ற வர்த்தக வலையமைப்பில் பூட்டு உள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது, கழற்ற வழியில்லை. 2020இல் கெவின் ஹெஸ்டர் தொடங்கிய மெஷ்டாஸ்டிக் என்ற, பெட்டிக்குப் பெட்டி செய்தியைத் தாவவிடும் திறந்த மென்பொருளிலும் பூட்டுத்தான் இயல்புநிலை. ஆனால் அதில் ஹாம் நிலை ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் பூட்டு கழன்று, பெயருக்குப் பதிலாக அழைப்புக்குறி போகும். கவனிக்க வேண்டிய நுணுக்கம்: உங்கள் பெட்டி, பக்கத்து வீட்டுப் பையனின் பூட்டிய செய்தியை வாங்கி மறுபடி ஒலிபரப்பினால், உரிமக்காரர் நீங்கள் என்பதால் பழி உங்கள் மேல்தான் விழும். இரண்டையும் கலக்காமல் வேறு வேறு அலைவரிசையில் வைப்பதே புத்தி.

பூட்டில்லாமை குறைபாடு என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெள்ள நாளில் இங்கே எல்லாரும் கேட்கும் கேள்விகள் எவை? உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு எத்தனை அடி திறந்திருக்கிறது, முகத்துவாரம் வெட்டியாச்சா, எந்த வீதியில் தண்ணீர் ஏறுகிறது, எந்தப் பாடசாலையில் ஆட்கள் தங்கியிருக்கிறார்கள். இதில் ரகசியம் எது? மறைக்கக்கூடாத தகவலுக்கு மறைக்க முடியாத அலை பொருத்தமான இடம்தானே. நோயாளியின் பெயரும் வீட்டுக்காரரின் விபரமும் அந்த அலையில் போகக்கூடாது என்பது வேறு விஷயம். அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

ஹாம்களுக்காகவே அமைந்த பாவனை ஏ.பி.ஆர்.எஸ். அமெரிக்காவின் பாப் புருனிங்கா உருவாக்கிய முறை. இடம், வானிலை, சிறு செய்தி ஆகியவற்றை எல்லாரும் கேட்கும்படி ஒரே அலைவரிசையில் பொதிபொதியாக விடுவது. பழைய முறையில் இது 144 மெகாஹேர்ட்ஸில், பெரிய வானொலியோடு ஓடியது. ஐரோப்பிய ஹாம்கள் அதை லோராவுக்கு மாற்றி, 433.775 மெகாஹேர்ட்ஸில் பரவல் காரணி 12இல் வைத்துப் பரப்பினார்கள். பெட்டி தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கியது. அதே எண்ணை அப்படியே இங்கே எடுத்துப் போடுவதை விட, உரிமக்காரர்கள் கூடி, ஆணைக்குழுவின் பட்டியலுக்குள் ஒன்றைத் தெரிவுசெய்வது நல்லது. 433.92ஐ மட்டும் தொட வேண்டாம், கேற் ரிமோட்டும் கார் சாவியும் அங்கேதான் கத்துகின்றன. 435 முதல் 438 வரை செய்மதிக்காரர் வீடு, அங்கும் கால் வைக்கக்கூடாது.

செய்மதி என்றதும் ஒரு சின்னக் கிளைக்கதை. 2019இல் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்ட இலங்கையின் முதல் சிறு செய்மதி இராவணா 1, ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் இலங்கைப் பொறியியலாளர் இருவர் கைபட உருவானது. அது சுமந்துபோன பணிகளில் ஒன்று லோரா பரீட்சார்த்தம். நம் வாவிக்கரைக்கு வரமுன்பே லோரா இலங்கைப் பெயரோடு விண்ணுக்குப் போய்விட்டது.

நெரிசல்

ஒரு தொழில்நுட்பத்தைப் பற்றி ஆசையாகப் பேசுபவர்கள் ஆட்கள் கூடும்போது என்ன நடக்கும் என்று சொல்வதில்லை. நாம் பார்த்துவிடுவோம்.

60 பைட் கொண்ட ஏ.பி.ஆர்.எஸ். பொதி ஒன்று பரவல் காரணி 12இல் காற்றில் இருக்கும் நேரம் சுமார் 2.6 விநாடி. கரையில் 100 பெட்டிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் பேசுகின்றன என்று வைப்போம். 600 விநாடிக்குள் 260 விநாடி காற்று நிரம்பிவிடும். பார்த்தால் பாதிக்கு மேல் காலியாகத் தெரிகிறது அல்லவா? ஆனால் யாரும் வரிசையில் நின்று பேசுவதில்லை. அவரவர் நினைத்த நேரத்தில் வாயைத் திறக்கிறார்கள். இப்படிப்பட்ட ஏற்பாட்டில் முழுப்பொதியாகப் போய்ச்சேருவது உச்சக்கட்டமாக 18 வீதம் மட்டுமே என்பது வலையமைப்புப் பாடத்தின் பழைய கணக்கு. நூறு பெட்டியும் பேசத் தொடங்கினால் பாதிக்கு மேற்பட்ட செய்திகள் ஒன்றோடொன்று மோதி அழியும். லோராவில் பலமான சைகை நலிந்ததை மேவிக்கொள்ளும், அதனால் கணக்கு சற்று இளகும், ஆனால் மாறாது. பெட்டிக்குப் பெட்டி தாவும் மெஷ்ஷில் இன்னும் மோசம். ஒரே செய்தியை மூன்று தாவல் மீள அனுப்பினால் காற்று அந்தளவுக்கு நிரம்பும்.

ஆகவே வெள்ள இரவில் ஊரே லோராவில் பேசும் என்பது கனவு. போன் கோபுரம் விழுந்த இடத்தை இது நிரப்பாது. நிரப்பக்கூடியது சின்ன இடம்: சில பெட்டிகள், சில பயிற்சி பெற்ற ஆட்கள், குறைந்த சொற்கள். உயரமான இடத்தில் இருக்கும் பெட்டிகள் தங்களுக்குள் பேச, பரவல் காரணியை 12இல் வைக்காமல் 8, 9 என்று குறைத்தாலே நெரிசல் பல மடங்கு இளகிவிடும். மறுபடியும் உயரம்தான். உயரம் இருந்தால் மெல்லப் பேச வேண்டியதில்லை.

இந்தச் சின்ன இடத்தின் பெறுமதியைக் கிழக்கு மக்களிடம் வாதிட்டு நிறுவத் தேவையில்லை. 1978 நவம்பர் 23 இரவுச் சூறாவளிக்குப் பிறகு மட்டக்களப்பு வெளியுலகத்திலிருந்து அறுந்து கிடந்ததை வீட்டுக்கு வீடு சொல்வார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், 10,000க்கும் மேல். அந்த நாட்களில் இலங்கை ஹாம்கள் அம்பாந்தோட்டையிலிருந்து சிற்றலையில் செய்தி கடத்தினார்கள். அந்தமானில், ஆசைக்காக வானொலி இயக்க வந்திருந்த பாரதி பிரசாத்தின் குழு, அதே கருவிகளால் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே தொடர்பைத் தாங்கிப் பிடித்தது. அவை லோரா அல்ல, குரலும் சிற்றலையும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு இன்றும் சிற்றலைதான் வேண்டும். லோராவின் எல்லை ஒரு பிரதேச செயலகப் பிரிவு, மிஞ்சினால் ஒரு மாவட்டம்.

அந்த எல்லைக்குள் ஓர் இடத்தை எடுத்துக்கொள்கிறேன். காரைதீவிலிருந்து அம்பாறைக்குப் போகும் வீதியில் மாவடிப்பள்ளி. வயல்வெளிக்கு நடுவே தாழ்ந்து போகும் வீதி. மேலே குளங்கள் நிரம்பினால் அதற்குக் குறுக்கே வெள்ளம் பாயும். 2024 நவம்பர் 26 அன்று மத்ரசா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் அங்கே வெள்ளத்தில் இழுபட்டு, பிள்ளைகள் பறிபோனார்கள். கருவி ஒன்று இருந்திருந்தால் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. வீதியை மூடும் முடிவை எடுப்பது மனிதர்கள். ஆனால் அந்த இடத்துத் தண்ணீர் இப்போது எத்தனை சென்றிமீட்டர், ஏறுகிறதா இறங்குகிறதா என்ற இரண்டு விடயங்கள், மின்சாரமும் போன் சிக்னலும் இல்லாத வேளையிலும் காரைதீவிலும் சம்மாந்துறையிலும் ஒருவருக்குத் தெரிந்திருக்க முடியும். ஒலியைக் கீழே அனுப்பி எதிரொலி வரும் நேரத்தால் நீர்மட்டம் அளக்கும் உணரி, ஒரு லோரா பலகை, உள்ளங்கையகலச் சூரியத் தகடு, ஒரு கம்பம். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன; உயரமான கட்டடமும் சோதனை எழுதத் தயாரான பிள்ளைகளும் அங்கே குறைவில்லை. ஆளில்லாமல் இயங்கும் நிலையத்துக்கு உரிமக்காரர் ஒருவர் பொறுப்பேற்று, ஆணைக்குழுவின் சம்மதத்தை எழுத்தில் வாங்க வேண்டும். வரும் தகவல் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் மாவட்டப் பிரிவுக்கும் போக வேண்டும். ஹாம் கேட்டுக்கொண்டு வீட்டில் இருந்தால் பிரயோசனம் இல்லை.

இனி மொழி. இதை ஆங்கிலக் கட்டுரைகள் எழுதுவதில்லை, அவர்களுக்குத் தேவையும் இல்லை. ஒருங்குறியின் வழக்கமான யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், அதிலும் புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனியாக. 'வெள்ளம்' என்ற நாலெழுத்துச் சொல், கணினிக்கு ஏழு குறி, 21 பைட். ஏ.பி.ஆர்.எஸ். செய்தி ஒன்றுக்கு இடம் 67 எழுத்து. அதை பைட்டாக எண்ணினால் தமிழுக்கு 22 குறிதான் கிடைக்கும், ஒரு வாக்கியம்கூட முடியாது. லோரா பொதியின் உச்ச அளவே 255 பைட்.

'மாவடிப்பள்ளி வீதியில் தண்ணீர் ஏறுது' என்று எழுதினால் 99 பைட். பரவல் காரணி 12இல் அது காற்றை அடைத்துக்கொள்ளும் நேரம் ஏறத்தாழ 4 விநாடி. இதற்கு ஒருங்குறிக்கு முந்திய காலத்து டிஸ்கி போல எழுத்துக்கு ஒரு பைட் முறையை மீண்டும் எடுக்கலாம். அல்லது இடத்துக்கு ஓர் எண், மட்டத்துக்கு ஓர் எண், ஏற்றமா இறக்கமா என்பதற்கு ஓர் எண் என்று அட்டவணை போட்டு, கேட்கும் பக்கத்துப் போன் அதைத் தமிழ் வாக்கியமாக விரிக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். அட்டவணையை யாவரும் பார்க்கும்படி வெளியிட்டுவிட்டால் அது பொருளை மறைக்கும் குறியீடு ஆகாது, விதிக்கும் உட்படும். சிங்களத்திலும் அதே எண் விரியும். அம்பாறை நகரத்திலிருந்து கேட்பவருக்கும் மருதமுனையிலிருந்து கேட்பவருக்கும் ஒரே பொதி போதும்.

அழைப்புக்குறியும் மூன்று எண்களும் சேர்த்து 20 பைட்டுக்குள் அடக்கினால், மெதுவான பரவல் காரணி 12இலேயே 1.3 விநாடி. காரணி 7க்கு இறக்கும் அளவுக்கு உயரத்தில் அன்ரனா இருந்தால் 0.06 விநாடி கூட இல்லை.